இல்லமும் தொழிலும்: பழஞ்சேலையும் புதுப்போர்வையும்

இத்திங்கள் இப்பகுதியில், எம்பிராய்டரி என்று எல்லோரும் வழங்கும் பூத்தையல் இயந்திரத்தைக் கொண்டு ஒட்டுப்போர்வை தைக்கும் முறையைப் பற்றி எழுதத் துணிந்தோம். "பூத்தையல் மாதர்க்குரியது, இரயில்வே அலுவலகத்தில் பேரேடு புரட்டும் எழுத்தருக்கு அதில் என்ன வேலை?" என்று அன்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். இக்காலத்து இயந்திரத் தையலில் பாதி வேலை ஊசியைச் சேர்ந்தது. மறுபாதி கணக்கைச் சேர்ந்தது. கணக்கென்றால் நமக்கு அச்சமில்லை.

பிழைப்பை நாடி வடக்கே வந்த தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலான இல்லங்களில் ஒரு தகரப் பெட்டி உண்டு. மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் அதுவும் உடன் வரும். அதனுள்ளே தாயாரோ பாட்டியாரோ உடுத்திய சேலைகள் இருக்கும். உடுத்துவாரும் இல்லை, பிறர்க்குக் கொடுக்க மனமும் இல்லை. இத்தகைய பெட்டி வைத்திருக்கும் இல்லத்தாரை மனத்திற் கொண்டே இதனை எழுதுகிறோம்.

நாடெங்கும் உள்ள வழக்கம்

பழந்துணியை அடுக்கித் தைத்துப் போர்வையாக்குவது இந்நாட்டிற்குப் புதிதன்று. வங்காளத்தில் காந்தா என்றும், மராட்டியத்தில் கோதடி என்றும், கன்னட நாட்டில் கௌதி என்றும், பீகாரில் சுஜனி என்றும், சிந்துவிலும் இராஜஸ்தானத்திலும் ரல்லி என்றும் அதற்குப் பெயர். வங்காளத்து மாதர் பழைய சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே ஓட்டுத் தையல் இட்டு, தாமரையும் மீனும் தேரும் யானையும் வரைந்தனர். பூவேலைப்பாடு மிகுந்த காந்தாவை 'நக்ஷி காந்தா' என்பர். கல்கத்தாவின் தென்பால் ஜோகாவிலுள்ள குருசதய் அருங்காட்சியகம் இத்தகைய காந்தாக்களின் தொகுப்பிற்குப் பெயர் பெற்றது.

கரக்பூரில் நம் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்தில் வாழும் வங்காள அம்மையார் ஒருவர், பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது, பலகால் துவைத்து மெத்தென்று ஆன பழந்துணியே உகந்தது என்று சொல்லித் தம் பேரப்பிள்ளைக்குத் தம் கையாலேயே காந்தா தைத்தார். தமிழகத்திலும் பழஞ்சேலையில் தூளி கட்டுவதும், நாலாக மடித்துக் குழந்தைக்கு விரிப்பதும் நாம் அறிந்தவையே. குளிர் குறைந்த நாடாதலால் அங்கே அது கனத்த போர்வையாகத் தடிக்கவில்லை. இங்கே மார்கழியிலும் தையிலும் இரவில் வீசும் வாடை, தடித்த போர்வையைக் கேட்கிறது.

இயந்திரம் பூத்தையல் கற்ற வரலாறு

கையால் காந்தா தைக்க மாதக் கணக்கில் ஆகும். அலுவலுக்குச் செல்லும் மாதர்க்கு அவ்வளவு ஓய்வு இல்லை. ஆகவே இயந்திரத்தை நாடுகிறோம்.

பிரான்சு நாட்டு மூலூஸ் நகரத்து ஜோசுவா ஹைல்மன் என்பார் 1828-ஆம் ஆண்டில், பல ஊசிகள் ஒருங்கே இயங்கும் பூத்தையல் இயந்திரத்தை அமைத்தார். சுவிட்சர்லாந்து தேசத்து ஐசக் குரோப்ளி 1863-இல், மேலே ஊசியும் கீழே ஓடமும் கொண்ட இயந்திரத்தை அமைத்தார். அவ்வோடம் சிறு படகு போன்றிருந்தமையால் 'ஷிஃப்லி' என்று பெயர் பெற்றது. அந்நாட்டு மொழியில் அச்சொல்லுக்குச் சிறு படகு என்பது பொருள். பின்னர், நெசவில் ஜக்கார்டு தறிக்கு அட்டையில் துளையிட்டுக் கட்டளை தந்தது போலவே, பூத்தையலுக்கும் துளையிட்ட அட்டையும் காகிதச் சுருளும் வந்தன. இன்று அட்டை போய்க் கணிப்பொறி வந்துவிட்டது. எனினும் பெயர் மறையவில்லை. சூரத்திலும் லூதியானாவிலும் எம்பிராய்டரிக் கூடங்களில் சித்திரத்தைத் தையலாக மாற்றும் வேலைக்கு இன்றும் 'பஞ்சிங்' என்றே பெயர். துளையிடுதல் என்று பொருள்.

சித்திரம் வேறு, தையற்கோப்பு வேறு

முதன்முதல் இயந்திரத்தைத் தொடுவோர் பலரும், கைப்பேசியில் எடுத்த புகைப்படத்தை அப்படியே இயந்திரத்தில் இட்டால் அது தைத்துத் தரும் என்று எண்ணுகின்றனர். அவ்வாறு தைக்காது. இயந்திரத்திற்குப் படம் தெரியாது. "இங்கிருந்து வலப்புறம் இத்தனை, மேற்புறம் இத்தனை நகர்ந்து ஊசியை இறக்கு" என்னும் கட்டளைகளின் நீண்ட வரிசை ஒன்றே அதற்குத் தெரியும். அவ்வரிசையே தையற்கோப்பு. தொழிற்கூடங்களில் மிகுதியாக வழங்கும் டி.எஸ்.டி. என்னும் கோப்பில் ஒவ்வொரு நகர்வும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு எழுதப்படுகிறது. இடையிடையே 'தைக்காமல் தாவு', 'நிறம் மாற்ற நில்' என்னும் ஆணைகளும் உண்டு. இரயில்வே அன்பர்க்குச் சொல்வதாயின், புகைப்படம் நிலையத்தின் தோற்றம். தையற்கோப்பு வண்டியோட்டிக்குத் தரும் கால அட்டவணை. தோற்றத்தைப் பார்த்து வண்டி ஓட்ட இயலாதன்றோ?

இயந்திரத்திற்கேற்பக் கோப்பின் வகையும் மாறும். பிரதர் இயந்திரம் பி.இ.எஸ். என்பதையும், ஜனோம் இயந்திரம் ஜே.இ.எஃப். என்பதையும் படிக்கும். டி.எஸ்.டி. கோப்பில் எங்கே நிறம் மாறும் என்பது இருக்குமே அன்றி, அது சிவப்பா பச்சையா என்பது இராது. ஆகவே நிறக்குறிப்பைத் தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்வது நலம்.

சித்திரத்தைக் கோப்பாக்கும் மென்பொருள்களிற் சில மிகுந்த விலை உடையவை. 'இங்க்ஸ்டிச்' என்பது 'இங்க்ஸ்கேப்' என்னும் வரைகலை மென்பொருளோடு இணைந்து இயங்குவது, இரண்டும் இலவசம். நம் வேலை முழுதும் அதிலேயே நடந்தது.

தையல் மூவகைப்படும். ஓட்டுத் தையல், கோடு போல் ஓடுவது. சாட்டின் தையல், இருகரைக்கும் இடையே மாறி மாறிப் பாய்ந்து பட்டைபோல் பளபளப்பது. நிரப்புத் தையல், பரப்பை வரிவரியாக மூடுவது. வரிக்கு வரி 0.4 மில்லிமீட்டர் இடைவெளி என்பது பொதுவான அளவு. இவற்றுள் போர்வைக்கு உகந்தது ஓட்டுத் தையலே. நிரப்புத் தையல் மிகுந்தால் போர்வை அட்டைபோல் விறைக்கும். மேலும், நூல் தான் பாயும் திசையில் துணியை உள்ளிழுக்கும். அதற்குக் குறுக்கே துணியை வெளித்தள்ளும். அதனாலேயே திரையில் வட்டமாக இருந்தது துணியில் முட்டை வடிவம் கொள்கிறது. திறமுடையோர் அந்த இழுப்பை முன்கூட்டியே கணித்து, கோப்பில் அப்பக்கத்தைச் சற்றே அகலப்படுத்துவர்.

கோலம் என்னும் ஒற்றைக்கோடு

விலைக்குக் கிடைக்கும் கோப்புகளில் ரோஜாவும் பனிமனிதனும் மலிந்துள்ளன. நம் இல்லத்துப் போர்வைக்கு நம் வாசலில் உள்ளதே போதும் என்று எண்ணி, அன்னையாரின் கோலநோட்டை எடுத்தோம்.

சிக்குக் கோலம் இயந்திரத்திற்கென்றே பிறந்தது போன்றது. எடுத்த இடத்தில் தொடங்கிப் புள்ளிகளைச் சுற்றி வளைந்து எடுத்த இடத்திலேயே முடியும் ஒற்றைக்கோடு, நூலை ஒருமுறையும் அறுக்காமல் தைக்க இடந்தரும். தாவலும் வெட்டும் இல்லாத இடத்தில் பின்புறத்து முடிச்சும் இல்லை. துவைக்கும்போது நூல் பிரியும் அச்சமும் குறைவு.

எல்லாச் சிக்குக் கோலமும் ஒற்றைக்கோடு ஆவதில்லை. இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. நேர்வரிசையாகப் புள்ளியிட்டு, இடையில் எங்கும் தடுக்காமல், ஓரங்களில் மட்டும் வளைந்து திரும்பும்படி பின்னிய கோலமாயின், நீளப் புள்ளிகளின் எண்ணையும் அகலப் புள்ளிகளின் எண்ணையும் மீதியின்றி வகுக்கும் எண்களுள் மிகப் பெரியது எதுவோ, அத்தனை கோடுகள் அக்கோலத்தில் உண்டு. இரண்டுக்கு இரண்டு புள்ளியாயின் இரண்டு கோடு. நாலுக்கு ஆறாயின் இரண்டு. ஐந்துக்கு ஆறாயின் ஒன்றே ஒன்று. ஐயமுடையோர் தாளில் வரைந்து பார்க்கலாம்; பள்ளிப் பிள்ளைகளுக்கும் நல்ல விளையாட்டு. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி அவர்களும் அவர்தம் குழுவினரும் 1970-களில் கோலத்தைக் கணிப்பொறி இலக்கணத்தோடு சேர்த்து ஆராய்ந்தனர் என்பதையும் ஈண்டு நினைவூட்டுகிறோம். வாசலில் குனிந்து கோலமிட்ட நம் தாய்மார் கையிலேயே அக்கணக்கு இருந்தது.

நோட்டுப் புத்தகத்துக் கோலத்தைப் படமெடுத்து, மென்பொருளைத் தானே கோடிழுக்கும்படி விட்டால், அது ஒவ்வொரு குறுக்குச் சந்திப்பிலும் கோட்டைத் துண்டாக்கும். ஒரே கோடு முப்பது துண்டாகும்; முப்பது தாவல் நேரும். ஆதலால் படத்தை அடியில் வைத்து, அதன்மேல் நாமே ஒரே வீச்சில் கோடிழுத்தல் வேண்டும். ஊசித் தையலின் நீளம் 2.5 மில்லிமீட்டர், ஒவ்வொரு தையலும் முன்னும் பின்னும் மும்முறை சென்று அழுந்துமாறு அமைத்தால் கோடு கயிறுபோல் தெளிவாகத் தெரியும். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள கோலத்திற்கு 600 தையல்; மும்மடங்கால் 1800. நிமிடத்திற்கு 600 தையல் வீதம் ஓட்டினால் மூன்று நிமிடத்தில் முடியும்.

கத்தரி எடுப்பதற்கு முன்

இங்கே நம் இல்லத்துச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதுவே பலருக்கும் தடையாக நிற்கும் செய்தி.

அன்னையார் மறைந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. அவர் விட்டுச்சென்ற பெட்டி நம்மிடம் இருந்தது. தமக்கையார் தில்லியில் வாழ்கிறார், இளவல் பம்பாயில். சேலைகளைப் போர்வையாக்கலாம் என்று நாம் தொலைபேசியில் தெரிவித்தபோது தமக்கையார் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, அம்மா உடுத்தினதைத் துண்டு துண்டா வெட்டவா இத்தனை நாள் பத்திரமா வச்சிருந்தே? எனக்குச் சம்மதமில்லை. நான் வர்ற வரைக்கும் பெட்டியைத் தொடாதே" என்றார். இளவலோ, "அண்ணா, அக்கா சொல்றபடியே செய்யுங்க. எனக்கு ஒரு முந்தானை கிடைச்சாலும் போதும்" என்றான். தமக்கையார் சொல்லில் நியாயம் உண்டு. வெட்டிய துணியை மீண்டும் சேலையாக்க எவராலும் இயலாது. ஆகவே காத்திருந்தோம்.

கோடை விடுமுறையில் தமக்கையார் வந்தார். பெட்டியைத் திறந்து பட்டுச்சேலை ஒன்றை விரித்தபோது, மடிப்பு நின்ற கோடெல்லாம் துணி இற்றுக் கண்ணாடிபோல் பிளந்திருந்தது. பட்டும் சரிகையும் ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அவ்வாறு ஆகும். கத்தரி படாமலே அச்சேலை துண்டாகிக்கொண்டிருந்தது. தமக்கையார் அதனை மடியில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் இருந்தார். பின்னர்த் தாமே எல்லாவற்றையும் மூன்றாகப் பிரித்தார். கூறைச்சேலையும் நல்ல நிலையிலிருந்த பட்டொன்றும் முழுமையாகவே இருக்கட்டும் என்று மெல்லிய பருத்தித் துணியிற் சுற்றித் தம்முடன் எடுத்துக்கொண்டார். பிளந்த பட்டை வெட்ட வேண்டா என்று தனியே வைத்தார். அன்றாடம் அன்னையார் உடுத்திய பருத்திச் சேலைகள் ஏழு; மதுரைச் சுங்குடியும் செட்டிநாட்டுக் கண்டாங்கியும் அவற்றுள் அடக்கம். "இதெல்லாம் அம்மா அடுப்படியில கட்டினது. இதைப் பிள்ளைங்க போர்த்திக்கிட்டா அம்மாவுக்குச் சந்தோஷம்தான்" என்று சொல்லி, முதல் வெட்டைத் தாமே வெட்டினார்.

அன்பர்களுக்கு நாம் சொல்வது இதுவே: உடன்பிறந்தார் அனைவரும் ஒப்பாமல் கத்தரியை எடுக்க வேண்டா. எதனை முழுமையாக வைப்பது என்பதை முதலில் முடிவு செய்து, எஞ்சியதைப் பின்பு வெட்டுக. நூல் பெறாத சேலையின் பொருட்டு உறவு பிளந்த குடும்பங்கள் உண்டு.

கட்டத்தின் கணக்கு

ஒட்டுப்போர்வை என்பது ஒரே அளவான பல கட்டங்களின் சேர்க்கை. கட்டத்தின் அளவை வளையமே முடிவு செய்கிறது. நம் சங்கத்து மாதர் பிரிவின் இயந்திரத்தில் 200 மில்லிமீட்டர் சதுரம் தைக்கும் வளையம் உண்டு. ஏழு அங்குலக் கட்டம், சுற்றிலும் மடிப்புக்குக் கால் அங்குலம், ஆக ஏழரை அங்குலம், 190.5 மில்லிமீட்டர். வளையத்துக்குள் அடங்கும்.

அகலத்தில் ஆறு, நீளத்தில் எட்டு, ஆக 48 கட்டம். போர்வை 42 அங்குல அகலமும் 56 அங்குல நீளமும் உடையதாகும். மூன்று குடும்பத்திற்கு மூன்று போர்வை, 144 கட்டம். அவற்றுள் பாதி கோலக்கட்டம். பாதி, குறுக்குக்கோடு மட்டும் ஓடும் வெறுங்கட்டம். துணி மாற்றும் நேரத்தையும் சேர்த்துக் கட்டத்திற்குக் கால்மணி என்று கொண்டால் மொத்தம் 36 மணி. ஞாயிறுதோறும் மூன்று மணி உழைத்தால் 12 ஞாயிறு. நவராத்திரி கழிந்து தொடங்கிய வேலை பொங்கலுக்கு முன் முடிந்தது.

அடித்துணிக்கு ஏழு சேலைகளுள் உறுதி மிக்க ஒன்றைத் தேர்ந்தோம். சேலையின் அகலம் 45 அங்குலம். போர்வையின் அகலத்திற்குச் சரியாகப் போதும். நீளம் ஐந்தரை மீட்டர், அதாவது 216 அங்குலம். போர்வைக்கு 60 அங்குலம் வீதம் 180 போக எஞ்சியது 36 அங்குலம். அதனை இரண்டேகால் அங்குலப் பட்டிகளாகப் போர்வைக்கு ஐந்து வீதம் வெட்டினால், மூன்று போர்வைக்கும் சுற்றுக்கரை கட்ட 33¾ அங்குலம் செலவாகும். தில்லியிலும் பம்பாயிலும் கரக்பூரிலும் உள்ள மூன்று போர்வைக்கும் அடியில் இருப்பது ஒரே சேலை.

வளையத்துக்குள் ஒரு கட்டம்

துணியைத் தேர்ந்தபின் முதலில் சாயம் பார்க்க வேண்டும். ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியை அதன்மேல் அழுத்துக. கறை படிந்தால் அச்சேலையைத் தனியே பலமுறை அலசியபின்பே எடுக்க வேண்டும். நைந்த துணியின் பின்புறம், இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பசைத்துணியை ஒட்டினால் ஊசி அதனைக் கிழிக்காது. சரிகைக் கரையை ஊசியின் வழியில் வைக்க வேண்டா. ஊசி மழுங்கும், நூல் அறும்.

கோப்பை நான்கு 'நிற'மாகப் பிரித்தல் வேண்டும். நூலின் நிறம் ஒன்றேயாயினும், நிறம் மாறுகிறது என்று எண்ணி இயந்திரம் நின்று நமக்கு இடைவேளை தரும். இதுவே இவ்வேலையின் நுட்பம்.

வளையத்தில் கிழித்தெடுக்கும் தாங்குதாளை மட்டும் பறைபோல் இறுகப் பூட்டுக. முதல் நிறம், தாளின்மேல் ஏழரை அங்குலச் சதுரம் வரையும். இயந்திரம் நின்றதும் அதன்மேல் போர்வைப் பஞ்சுத்தகட்டை வைக்க. இரண்டாம் நிறம், ஏழு அங்குலச் சதுரத்தில் பஞ்சைப் பிடித்துத் தைக்கும். தையலுக்கு வெளியே நீட்டிய பஞ்சை ஒட்ட நறுக்குக. மடிப்பில் பஞ்சு இல்லாதிருந்தால் இணைப்பு தடிக்காது. அடுத்துச் சேலைத் துண்டை எட்டரை அங்குலச் சதுரமாக வெட்டி மேலே பரப்புக. மூன்றாம் நிறம் ஓரத்தைப் பிடிக்கும். நான்காம் நிறம் கோலத்தை ஓட்டும். பின்னர் வளையத்தைக் கழற்றி, பின்புறம் தெரியும் முதற்சதுரத்தின்மேல் கத்தரித்து, தாளைக் கிழித்தெடுத்தால் கட்டம் ஒன்று முடிந்தது.

ஊசி 75 எண். பஞ்சு தடித்தால் 90. எட்டு மணி நேரத் தையலுக்கு ஒருமுறை ஊசியை மாற்றுவது நன்று. மேல்நூல் 40 எண் பாலியெஸ்டர். பாபினில் அதனினும் மெல்லிய நூல். இறுக்கம் சரியா என்று அறிய, வேறொரு துணியில் சாட்டின் பட்டை ஒன்று தைத்துப் பின்புறம் பாருங்கள். நடுவில் மூன்றில் ஒரு பங்கு பாபின் நூலும் இருபுறமும் மேல்நூலும் தெரிந்தால் சரி. கோலத்தைப் பெரிதாக்க வேண்டின் மூலக்கோட்டைப் பெரிதாக்கி மீண்டும் தையலாக்குக. தைத்து முடித்த கோப்பை இழுத்து நீட்டினால் பற்பல கோப்புகளில் தையல் எண்ணிக்கை கூடாது, இடைவெளியே கூடும்.

அகலப்பாதை இரயிலுக்கு இருதண்டவாள இடைவெளி 1676 மில்லிமீட்டர். எங்கும் அவ்வளவே. போர்வைக்கும் அவ்வாறே: எல்லாக் கட்டமும் ஒரே அளவாக இருந்தால்தான் மூலைகள் சந்திக்கும். கட்டங்களை வரிசையாகவும், வரிசைகளை ஒன்றோடொன்றாகவும் சாதாரணத் தையல் இயந்திரத்தில் கால் அங்குல மடிப்புடன் இணைக்க. அடித்துணியை விரித்து மேலே பரப்பி, கட்டங்களின் சந்திப்புக் கோடுகள்மீதே தைத்து, சுற்றுக்கரை கட்டி முடிக்க.

தமிழெழுத்தும் கைநடுக்கமும்

போர்வையின் மூலையில் பெயரும் ஆண்டும் பொறிப்பது நல்லது. இயந்திரங்களோடு வரும் எழுத்துகள் பெரும்பாலும் உரோமன் எழுத்துகளே. தமிழை நாமே வரைதல் வேண்டும். 'ஞ', 'ணை', 'ழு' போன்றவற்றின் சிறு சுழிகள் நூலால் அடைபடாதிருக்க, எழுத்தின் உயரம் 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல், ஓட்டுத் தையலில் அமைக்க. தமிழ் படிக்கத் தெரியாமல் இந்நகரங்களில் வளரும் நம் பிள்ளைகள் தம் பாட்டியாரின் பெயரை இரவுதோறும் விரலால் தடவிப் பழகட்டும்.

அன்னையாரின் நோட்டில் பிற்காலத்துக் கோலங்கள் நடுங்கிய கையால் வரைந்தவை. மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் கோடு முழுதும் வழவழப்பாகும். தமக்கையார் திரையைப் பார்த்து, "அதைச் சரி பண்ணாதே தம்பி. அம்மா கை அதிலதான் இருக்கு" என்றார். ஆகவே நடுங்கிய கோடு நடுங்கியபடியே போர்வையில் ஓடுகிறது. இயந்திரத்திற்கு இரண்டும் ஒன்றே. சொன்னதைத் தைக்கும்.

உரிமையும் செலவும்

விலைக்கு வாங்கிய கோப்பைச் சங்கத்தார் அனைவர்க்கும் பகிர்ந்தளிக்கலாமா என்று வினவுவார் உண்டு. வாங்கியவர் தம் வீட்டுக்குத் தைக்க மட்டுமே உரிமை தரும் கோப்புகளே பல. வரைந்தவர் உழைப்பும் உழைப்பே. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கலைச்சித்திரங்களையும் காக்கிறது. ஆதலால் விதிமுறையைப் படித்தபின் செயற்படுக. மரபுக் கோலம் எல்லார்க்கும் பொது. எனினும் ஒருவர் இல்லத்து நோட்டைப் படியெடுக்குமுன் அவ்வில்லத்தாரைக் கேட்பது முறை.

பெரிய வளையமுடைய இயந்திரம் இலட்ச ரூபாய்க்கு மேலும் ஆகும். ஒரு குடும்பம் ஒரு போர்வைக்காக அதனை வாங்குதல் அறிவுடைமை ஆகாது. சங்கம் ஒன்று வாங்கிப் பலரும் முறைவைத்துப் பயன்படுத்தலாம். இயலாதோர் கோப்பை மட்டும் ஆயத்தம் செய்து, கடைத்தெருவில் உள்ள எம்பிராய்டரிக் கூடத்திற் கொடுக்கலாம். ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவர். கோலக்கோடு இரண்டாயிரம் தையலுக்குள் அடங்குவதால் கூலி மிகாது. அக்கடைகளில் முதலில் ஒரே ஒரு கட்டம் தைத்து வாங்கி, துவைத்துப் பார்த்தபின் மற்றவற்றைக் கொடுங்கள்.

போர்வையைத் தண்ணீரில் கையால் அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் விரித்து உலர்த்துக. இருபோர்வைக்கு வேண்டிய துணி இல்லாதோர் ஒன்பது கட்டத்தில் குழந்தைக்கு ஒரு விரிப்புச் செய்யலாம். நான்கு கட்டத்தில் தலையணையுறை ஆகும்.

போர்வையே வேண்டா என்போருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிறு தகரப் பெட்டியைத் திறந்து சேலைகளை விரித்துக் காற்றாட விட்டு, முன்னைய மடிப்பிலன்றி வேறு மடிப்பில் மடித்து வையுங்கள். ஆண்டுக்கு இருமுறை அவ்வாறு செய்தால் துணி நெடுநாள் நிற்கும். தம் இல்லத்துக் கோலநோட்டிலிருந்து ஒற்றைக்கோட்டுக் கோலங்களை அனுப்ப விரும்பும் சகோதரிகள், புள்ளிக் கணக்கைக் குறித்து இப்பகுதிக்கு எழுதுங்கள். தக்கவற்றைத் தையற்கோப்பாக்கி, அனுப்பியவர் இசைவுடன் சங்கத்து உறுப்பினர்க்கு விலையின்றி வழங்குவோம்.